இசையைக் காட்சியில் வைப்பது எங்ஙனம்?

சிற்பத்தையும் ஓவியத்தையும் பழங்காசுகளையும் செப்பேடுகளையும் கண்ணாடிப் பேழைக்குள் வைத்து, பக்கத்தில் நான்கு வரி விளக்கமும் எழுதிவிட்டால், பார்க்க வருகிறவனுக்கு அவை தம் கதையை ஒருவாறு சொல்லிவிடுகின்றன; சங்கீதம் ஒன்றுதான் அவ்விதம் பேழைக்குள் அடங்க மறுக்கும் கலை. நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து செய்த ஒரு நாகஸ்வரத்தைக் காட்சிசாலையில் வைத்து, அதன் நீளம் இன்னது, அணசு இன்ன மரத்தால் ஆனது, துளைகள் இத்தனை என்று எவ்வளவு விரிவாக எழுதி வைத்தாலும், சீவாளியை வாயிலிட்டு ஈரமாக்கி, மூச்சை அடக்கிச் செலுத்தி, தோடியின் ஒரு பிடியையாவது வாசித்துக் காட்டும் வித்வான் அங்கே இல்லாத வரையில், அது கடைந்தெடுத்த மரமாகவே நின்றுவிடும். ஆகவே தன் சங்கீதப் பெருமையைக் காட்சிப்படுத்த விரும்பும் எந்தச் சிற்றூரும், வாத்தியங்களைச் சேர்ப்பதற்கு முன்னால் அவற்றின் நாதத்தைச் சேர்த்துவைக்க வேண்டும் என்பதே என் துணிபு. அதற்கான பொருள் நம் பக்கத்தில் ஏராளமாக இருக்கிறது. அதைக் காட்டும் முறைதான் இன்னும் செம்மைப்பட வேண்டும்.

2011-இல் மதுரை மாநகராட்சியோடு சேர்க்கப்பட்ட ஆனையூரில் வாழும் எங்களைப் போன்றவர்களுக்கு மதுரைச் சங்கீதம் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது மீனாட்சி அம்மன் கோயில்தான். இறைவனே விறகு வெட்டியாக வந்து, பாணபத்திரருக்காகச் சாதாரிப் பண் பாடி, வாதுக்கு வந்த ஏமநாதனை இரவோடு இரவாக ஊரைவிட்டு ஓடச் செய்தான் என்னும் திருவிளையாடற் கதையை, 1965-இல் வெளிவந்த திரைப்படத்தின் மூலமாவது அறியாத தமிழர் இரார். ஒரு நகரம் தன் தெய்வத்தையே பாட்டுக்காரனாகப் பாவித்துப் பெருமை கொண்டது என்றால், அந்நகரத்தார் இசைக்கு அளித்த ஸ்தானம் எத்தகையது என்பதை வேறு சான்று காட்டி விளக்க வேண்டியதில்லை.

அதே கோயிலின் வடக்கு ஆடி வீதியில், மொட்டைக் கோபுரத்தின் அருகே, நாதம் எழுப்பும் கல்தூண்கள் ஐந்து இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரே கருங்கல்லில் குடைந்தெடுக்கப்பட்டு, 22 சிறு கால்களாகப் பிரிந்து நிற்பது. ஒட்டோ இணைப்போ கிடையாது. ஒரு கால் தவறி உடைந்தால் முழுத் தூணும் வீண் என்ற நிலையில் சிற்பி உளியை இறக்கியிருக்கிறான். கல் ஒலிப்பதற்குக் காரணம் மந்திரமன்று. காலின் உயரம், பருமன், கல்லின் கெட்டித்தன்மை ஆகியவற்றுக்கு ஏற்றபடி, தட்டும்போது அது மிக நுண்ணிதாக வளைந்து நிமிர்ந்து அதிர்கிறது. அந்த அதிர்வின் வேகமே ஸ்வரத்தைத் தீர்மானிக்கிறது. ஹம்பியில் உள்ள விட்டலர் கோயிலின் இசைத்தூண்களைக் கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையத்து விஞ்ஞானிகள் கருவிகளைக் கொண்டு சோதித்தபோது, அவற்றின் ஒலி இவ்வகை வளைவதிர்வினாலேயே பிறக்கிறது என்று கண்டார்கள். உள்ளே பொள்ளல் இருக்கிறது, உலோகம் கலந்திருக்கிறது என்றெல்லாம் வழிகாட்டிகள் சொல்லிவந்த கதைகளுக்கு இடமில்லாமற் போயிற்று. அதனால் சிற்பியின் பெருமை குறைந்துவிடவில்லை, பன்மடங்கு உயர்ந்தது. அதிர்வெண் அளக்கும் கருவி எதுவும் இல்லாமல், தன் செவி ஒன்றையே அளவுகோலாகக் கொண்டு, கல்லைச் சிறிது சிறிதாகச் சீவி ஸ்வரத்துக்குக் கொண்டுவந்தவன் அவன்.

ஆனால் இங்கேதான் ஒரு தர்மசங்கடம் எழுகிறது. தட்டினால்தான் தூண் பேசும். வருகிறவர் எல்லாரும் தட்டினால் தூண் தேயும், காலப்போக்கில் விரிசல் காணும். ஹம்பியில் தட்டக் கூடாதென்று தடை விதித்துவிட்டார்கள். அது நியாயமான தடை. எனினும் தட்டக் கூடாத இசைத்தூணைப் பார்த்துவிட்டு வருகிறவனுக்கு, அழகான ஒரு தூணைக் கண்டோம் என்பதற்குமேல் என்ன கிட்டும்? கல்லைக் காப்பதோடு கடமை முடிந்ததென்று இருந்துவிட்டால், கல் மிஞ்சும், நாதம் மறந்துபோகும்.

இந்தச் சங்கடத்துக்கு இத்தாலி தேசத்துக் கிரெமோனா என்னும் சிறு நகரம் ஒரு வழி கண்டிருக்கிறது. அமாத்தி, குவார்னேரி, ஸ்த்ராதிவாரி ஆகிய வயலின் செய்யும் குடும்பங்கள் வாழ்ந்த ஊர் அது. அங்கே 2013-இல் திறக்கப்பட்ட வயலின் காட்சிசாலையில், முந்நூறு ஆண்டுப் பழமை வாய்ந்த வயலின்களைப் பேழையிலிருந்து அவ்வப்போது வெளியே எடுத்து, தேர்ந்த கலைஞர்களைக் கொண்டு வாசிக்கச் செய்கிறார்கள். வாசிக்கப்படாத வயலின் உறங்கிப்போகும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. 2019 ஜனவரியில் இன்னும் ஒரு படி மேலே சென்றார்கள். அந்த வாத்தியங்களின் ஒவ்வொரு ஸ்வரத்தையும், வில் படும் ஒவ்வொரு விதத்தையும் நுட்பமான ஒலிவாங்கிகளால் பதிவு செய்ய முற்பட்டபோது, கல் பாவிய தெருவில் ஓடும் வண்டிகளின் சத்தமும், பெண்டிர் பாதரட்சைகளின் ஓசையுங்கூடப் பதிவைக் கெடுப்பதைக் கண்டார்கள். உடனே நகர நிர்வாகம் காட்சிசாலையைச் சுற்றியுள்ள தெருக்களை ஐந்து வாரங்களுக்குப் போக்குவரத்தில்லாமல் அடைத்தது. அமைதி காக்கும்படி நகரத்தார் எல்லாரையும் மேயர் வேண்டிக்கொண்டார். தன் ஊரில் பிறந்த நாதத்துக்காக ஓர் ஊரே வாய்மூடி இருந்தது. இதனை நினைக்கும்போதெல்லாம், ஓர் இரவு வடக்கு ஆடி வீதியில் நடமாட்டத்தை நிறுத்தி, தகுந்த நிபுணர் ஒருவர் அந்த ஐந்து தூண்களின் கால்கள் ஒவ்வொன்றையும் ஒரே ஒரு முறை மெல்லத் தட்டிப் பதிவு செய்துவிட்டால், அதன்பின் எத்தனை தலைமுறையினரும் தூணைத் தொடாமலே கேட்டு மகிழலாமே என்ற ஆசை எனக்கு உண்டாகிறது.

கிரெமோனாவுக்கு ஒப்பாகச் சொல்லத்தக்க சிற்றூர் நம் தென்சீமையில் உண்டா என்று கேட்பாருக்கு, எட்டயபுரத்தைத் தயங்காமல் காட்டுவேன். மதுரைக்குத் தெற்கே, கரிசல் பூமியில், இன்றைக்கும் பெரிய ஊராக வளராமல் இருக்கும் அவ்வூரைப் பாரதியார் பிறந்த இடம் என்று உலகம் அறியும். அவர் பிறந்த வீடு நினைவில்லமாகப் பாதுகாக்கப்படுகிறது. 1947-இல் திறக்கப்பட்ட மணிமண்டபமும் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து இரண்டையும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். பாரதியார் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே, கர்நாடக சங்கீதத்தின் தலையாய வித்யா ஸ்தானங்களுள் ஒன்றாக அச்சிறு ஸம்ஸ்தானம் விளங்கியது என்பதை அந்தப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்கிறவர்கள் குறைவு.

திருவாரூரில் பிறந்த முத்துஸ்வாமி தீக்ஷிதர் 1835-ஆம் ஆண்டு தீபாவளித் திருநாளில் தேகம் நீத்தது எட்டயபுரத்தில்தான். மதுரை மீனாட்சியின்மேல் அவர் இயற்றிய 'மீனாக்ஷி மே முதம் தேஹி' என்னும் கிருதியைச் சீடர்கள் பாடிக்கொண்டிருக்க, அதைக் கேட்டபடியே அவர் உயிர் பிரிந்தது என்று சங்கீத உலகம் பக்தியோடு சொல்லிவருகிறது. அவருடைய சமாதி அங்கே அட்டக்குளத்தின் கரையில் இருக்கிறது. அவரை அவ்வூருக்கு ஈர்த்தவர் ஸம்ஸ்தான வித்வானாக விளங்கிய தம்பி பாலுஸ்வாமி தீக்ஷிதர். இன்று எந்தக் கச்சேரி மேடையிலும் பக்கவாத்தியமாக நாம் காணும் பிடிலை நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்த முன்னோடி அவர். அக்குடும்பம் சென்னையில் மணலி முதலியாருடைய ஆதரவில் இருந்த காலத்தில், ஜார்ஜ் கோட்டையில் வெள்ளையர் வாசித்த பாண்டு வாத்தியத்தைக் கேட்டு, ஓர் ஐரோப்பியரிடம் அவர் பிடிலை முறையாகப் பயின்றார். பிறதேசத்து வாத்தியம் ஒன்று நம் கமகங்களுக்கெல்லாம் இசைந்து கொடுக்கும் என்று முதன்முதலில் உணர்ந்த விரல்கள் இந்தக் கரிசற் காட்டு ஊரில் வாசித்த விரல்கள் என்பதை எண்ணும்போது, எட்டயபுரத்தின்மேல் எனக்குள்ள அபிமானம் பெருகுகிறது.

அபிமானத்தை இன்னும் பெருகச் செய்வது பாலுஸ்வாமியின் தௌஹித்ரரும் சுவீகார புத்திரருமான சுப்பராம தீக்ஷிதர் செய்த காரியம். 'ஸங்கீத ஸம்ப்ரதாய ப்ரதர்சினி' என்னும் அவருடைய பெருநூல் 1904-இல் எட்டயபுரம் ஸம்ஸ்தானத்தின் வித்யா விலாஸினி அச்சுக்கூடத்தில் தெலுங்கு லிபியில் அச்சாகி வெளிவந்தது. 1,700 பக்கங்களுக்கு மேற்பட்டது. முத்துஸ்வாமி தீக்ஷிதருடைய கிருதிகளில் இருநூறுக்கு மேற்பட்டவற்றை இன்று நாம் ஸ்வரப்படுத்திய வடிவில் பெற்றிருப்பது அந்நூலால்தான். அது பிறந்த கதையும் உருக்கமானது. நம் சங்கீதம் எழுத்தில் இல்லாமல் அழிந்துவிடுமோ என்று கவலைப்பட்டவர் சின்னசாமி முதலியார் என்னும் தமிழ்க் கிறிஸ்தவ அன்பர். கீர்த்தனைகளை மேனாட்டு ஸ்வரக்குறிப்பில் அச்சிட்டு வந்தவர். கண்பார்வை மங்கி, பணமும் கரைந்துபோன நிலையில், அவர் எட்டயபுரம் மன்னரை அணுகி, சுப்பராம தீக்ஷிதரிடம் உள்ள பொக்கிஷம் முழுவதும் வெளிவர வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். பரம்பரையாகக் காத்துவந்த வித்தையைப் பகிரங்கமாக்கத் தயங்கிய தீக்ஷிதரும் முடிவில் இசைந்தார். கிறிஸ்தவர் ஒருவருடைய தூண்டுதலும், ஜமீன்தார் ஒருவருடைய பொருளும், வைதிகப் பிராமணர் ஒருவருடைய வித்தையும் ஒன்றுகூடியிராவிட்டால் அந்நூல் இல்லை.

இந்த நூலை ஒரு காட்சிசாலையில் எவ்விதம் வைப்பது? பேழைக்குள் திறந்து வைத்தால் தெலுங்கு எழுத்தறியாத தமிழ்ப் பிள்ளைக்கு அது பழைய புஸ்தகம் ஒன்றாகவே தோன்றும். ஆனால் அந்தப் பக்கங்களில் ஸ்வரங்களின் மேல் நுண்ணிய அடையாளங்கள் இருக்கின்றன. கம்பிதம், ஸ்புரிதம், நொக்கு, ரவை, ஏற்ற ஜாரு, இறக்க ஜாரு, ஒதுக்கல், ஓரிகை என்று கமக வகைகளைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியிட்டு, ஸ்வரத்தை எப்படி அசைக்க வேண்டும், எப்படி இழுக்க வேண்டும் என்பதைக் காகிதத்தில் பிடித்து நிறுத்தியிருக்கிறார் தீக்ஷிதர். ஒரு பக்கத்தைச் சுவரளவு பெரிதாக்கி மாட்டி, ஒவ்வொரு குறியையும் தொட்டவுடன் அந்தக் கமகத்தை வீணையில் வாசித்த ஒலி கேட்கும்படி அமைத்துவிட்டால், பத்து வயதுக் குழந்தையும் கால் மணி நேரத்தில் ஓரிகைக்கும் ஜாருவுக்கும் உள்ள பேதத்தைச் செவியால் அறிந்துகொண்டு போகும். சுப்பராம தீக்ஷிதர் 1906-இல் காலமானபோது பாரதியார் பாடிய இரங்கற் பாக்களையும் பக்கத்தில் வைக்கலாம். கவியின் வீட்டைப் பார்க்க வருகிற கூட்டம் சங்கீதத்தின் வாசலிலும் நிற்பதற்கு அதைவிடப் பொருத்தமான பாலம் இல்லை.

எட்டயபுரத்தில் காகிதம் காத்த சங்கீதத்தை, மதுரைக்குத் தென்கிழக்கே மானாமதுரையில் மண் காக்கிறது. வழியிலேயே கீழடி இருக்கிறது. 2023 மார்ச் 5-ஆம் தேதி அங்கே திறக்கப்பட்ட அகழ்வைப்பகத்தில், கி.மு. 6-ஆம் நூற்றாண்டு வரை பின்னோக்கிச் செல்லும் வைகைக்கரை வாழ்வின் சின்னங்களாகப் பானைகளும், பெயர் கீறிய ஓடுகளும், உறைகிணற்று வளையங்களும் அழகாக வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றைக் கண்டு வியந்தவர்கள் அதே சாலையில் இன்னும் சிறிது தூரம் சென்றால், அதே நதிக்கரையின் மண் வேளார்களுடைய கையில் இன்றைக்கும் கடம் என்னும் வாத்தியமாகிக்கொண்டிருப்பதைக் காணலாம். அவர்கள் கண்மாய்களிலிருந்து எடுத்த களிமண்ணை மணல் சேர்த்து மிதித்துப் பதப்படுத்தி, சக்கரத்தில் வனைந்து, சற்றே உலர்ந்தபின் உள்ளே கல்லைக் கொடுத்து வெளியே மரப்பலகையால் தட்டுகிறார்கள். இந்தத் தட்டில்தான் சூட்சுமம் இருக்கிறது. எங்கும் ஒரே கனமாக வரும்வரை ஆயிரக்கணக்கான முறை தட்ட வேண்டும்; ஓரிடத்தில் தடித்தாலும் மெலிந்தாலும் நாதம் கெடும். பின்பு நிழலில் உலர்த்தி, சூளையில் சுடுகிறார்கள். மிருதங்கத்தைப் போல் வாரை இழுத்தோ, வீணையைப் போல் பிரடையைத் திருகியோ கடத்தின் சுருதியை மாற்ற இயலாது. சூளையிலிருந்து எந்தச் சுருதியோடு பிறக்கிறதோ அதுவே அதன் ஆயுட்காலச் சுருதி. அதனால்தான் கட வித்வான்கள் பாடகருக்குப் பாடகர் வேறு வேறு கடங்களை எடுத்துவருகிறார்கள். விரும்பிய சுருதிக்கு, நெருப்புக்குள் மண் எவ்வளவு சுருங்கும் என்பதை முன்கூட்டியே கணித்து, ஈர மண்ணிலேயே அளவு வைக்கிற அந்தக் கைகளுக்குச் சங்கீத ஞானம் இல்லையென்று யார் சொல்வது? விக்கு விநாயக்ராம் உலகமெங்கும் கொண்டுசென்று முழக்கிய கடங்கள் மானாமதுரையில் பிறந்தவை. கடம் செய்யும் திறத்துக்காக மானாமதுரை மீனாட்சி அம்மாளுக்குச் சங்கீத நாடக அகாதெமியின் விருது கிடைத்தது. வாசித்தவர்களையே கௌரவித்து வந்த தேசம் செய்தவரையும் கௌரவித்த நல்ல நாள் அது. மானாமதுரை மண்பாண்டங்களுக்குப் புவிசார் குறியீடும் 2023-இல் வழங்கப்பட்டது. அவ்வூரில் ஒரு சிறு காட்சிக்கூடம் அமையுமானால், சக்கரமும் தட்டுப்பலகையும் சூளையும் சேர்ந்தே காட்சி. நன்றாக வந்த கடத்தையும் சூளையில் பிசகிய கடத்தையும் பக்கம் பக்கமாக வைத்து, இரண்டையும் விரலால் தட்டிப் பார்க்க வருகிறவனை அனுமதிக்க வேண்டும். கல்தூணுக்குத் தகாத சுதந்திரம் மண்குடத்துக்குத் தகும். உடைந்தால் வேறொன்று வனைந்து கொடுக்கக் கைகள் அருகிலேயே இருக்கின்றன.

மதுரைப் பட்டணத்து வித்வான்களைப் பற்றி நான் அதிகம் எழுத வேண்டியதில்லை. அவர்களுடைய கீர்த்தி ஊரறிந்தது. 1916-இல் இங்கே பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமி, பத்து வயதில், தாயார் சண்முகவடிவு வீணை வாசிக்கத் தம் முதல் இசைத்தட்டைப் பாடினார். 1966-இல் ஐக்கிய நாடுகள் சபையில் பாடினார். 1998-இல் சங்கீதத் துறையில் பாரத ரத்னா பெற்ற முதல்வரானார். மதுரை மணி ஐயர், மதுரை சோமு, டி.எம். சௌந்தரராஜன் ஆகியோர் குரல்கள் இன்னும் நம் வீடுகளில் ஒலிக்கின்றன. 1968-இல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் சிவாஜி கணேசன் வாசிப்பதாக நாம் கண்ட நாகஸ்வரம், மதுரைச் சகோதரர்களான சேதுராமன், பொன்னுசாமி இருவருடைய வாசிப்பு என்பதையும், அவர்கள் பாட்டனார் பொன்னுசாமிப் பிள்ளை மேளகர்த்தா முறையையே மறுத்து ஆராய்ந்து 'பூர்வீக சங்கீத உண்மை' என்னும் நூல் எழுதிய சாஸ்திரக்காரர் என்பதையும் இளந்தலைமுறைக்கு நினைவூட்டுவது நல்லது. இத்தகையோருடைய இசைத்தட்டுகளும் ஸ்வரம் எழுதிய நோட்டுப் புஸ்தகங்களும் கல்யாணக் கச்சேரிப் பத்திரிகைகளும் மதுரை வீடுகளின் பரணில் பழைய சாமானோடு கிடக்கக்கூடும். பழைய காகிதம் வாங்குகிறவன் வருமுன் அவற்றைத் தேடிச் சேர்ப்பது அவசரமான வேலை.

அதைவிட அவசரமான வேலை ஒன்று உண்டு. காட்சிசாலை என்றாலே வீணையும் தம்பூராவும் என்று நினைக்கும் பழக்கம் நம்மில் படித்தவர்களிடம் வேரூன்றியிருக்கிறது. மதுரைச் சமவெளியின் சங்கீதத்தில் பெரும்பகுதி சபா மேடையில் ஒலித்ததன்று. தெருவிலும் களத்துமேட்டிலும் முளைப்பாரி ஊர்வலத்திலும் ஒலித்தது. நையாண்டி மேளமும் உறுமியும் பம்பையும் தப்பும் இல்லாத இசைக்கூடம் ஊரின் பாதியைத்தான் காட்டும். தப்பை எடுத்துக்கொள்ளுங்கள். வைக்கோலைக் கொளுத்தி அந்த அனலில் காட்டிக் காய்ச்சினாலன்றித் தோல் இறுகாது, அடி எழும்பாது; ஓர் ஆட்டம் முடிந்ததும் மறுபடி காய்ச்ச வேண்டும். பேழைக்குள் குளிர்ந்து கிடக்கும் தப்பு பேச்சிழந்த தப்பு. அதை அடிக்கத் தெரிந்த கலைஞர், சாவு வீட்டு அடிக்கும் சாமி புறப்பாட்டு அடிக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டித் தருபவர், கூலி பெறும் ஆசிரியராக அந்தக் கூடத்தில் அமர வேண்டும். அந்தத் தோல் வாத்தியத்தின் பெயரால் எத்தனையோ தலைமுறைகள் அவமதிக்கப்பட்டிருக்கின்றன. அந்தச் சரித்திரத்தையும் மறைக்காமல் எழுதி வைப்பதே நேர்மை.

சித்திரை மாதத்தில் அழகர் மலையிலிருந்து இறங்கி வரும்போது, எங்கள் ஆனையூருக்கு அணித்தாக உள்ள மூன்றுமாவடியில் அவரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை நிகழ்கிறது. அந்த இரவில் பந்தல்களிலும் மரத்தடிகளிலும் அழகர் வர்ணிப்பு பாடுகிறார்கள். ஏடு பார்த்துப் படிப்பவர் சிலர், பலருக்கு மனப்பாடம். அழகர் மலையைவிட்டுப் புறப்பட்டது முதல் வைகையில் இறங்குவது வரை வழிநெடுக நடக்கும் ஒவ்வொன்றையும் ஒரே ஓட்டமாகச் சொல்லிச் செல்லும் அந்தப் பாட்டை, பேராசிரியர் தொ. பரமசிவன் 'அழகர் கோயில்' என்னும் தம் ஆராய்ச்சி நூலில் கௌரவமாக எடுத்துப் பேசினார். பாடுகிறவர்களில் முதியவர்களே மிகுதி. அச்சான வர்ணிப்புப் புத்தகம் திருவிழாக் கடைகளில் கிடைக்கும். எந்த வரியை இழுத்துப் பாடுவது, எங்கே குரலைத் தாழ்த்துவது, கூட்டம் எந்த இடத்தில் 'கோவிந்தா' என்று எடுத்துக் கொடுக்கும் என்பவை புத்தகத்தில் இல்லை. அடுத்த சித்திரையில், எங்கள் பகுதிப் பள்ளிகளின் தமிழாசிரியர்கள் மேல் வகுப்பு மாணவர்களில் சிலரை அழைத்துக்கொண்டு, கையில் உள்ள கைப்பேசியாலேயே, பாடுகிறவர்களின் அனுமதியைப் பெற்று, பெயரும் ஊரும் கற்றுக்கொண்ட விதமும் கேட்டு எழுதி, அந்த இரவின் வர்ணிப்புகளை முழுமையாகப் பதிவு செய்யட்டும். கட்டடமும் பேழையும் பின்னால் வரட்டும். முதல் அறையில் வைப்பதற்குரிய ஒலி அதற்குள் நம்மிடம் இருக்கும்.